நேற்றுச் சொன்னதையும் பக்கத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பது என் வழக்கம். இப்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போனில் வானிலைக் கணிப்பைப் பார்க்கிறேன். பார்த்த பிறகு குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழில் 'குமரியில் நாளை கனமழை' என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. என் தோட்டத்தில் பால் வெட்டும் தம்பி அதைப் படித்துவிட்டுச் சாயங்காலமே போன் செய்தான். "அண்ணே, நாளைக்கு வெட்டு வேண்டாம்தானே?" நானும் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு பொட்டு மழை இல்லை. பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். அவனுக்கு ஒரு நாள் கூலி போச்சு, எனக்கு ஒரு நாள் பால் போச்சு. பேப்பரையும் வானிலைக்காரர்களையும் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் அன்று சாப்பிட உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த நாள் தங்கள் பேப்பரில் வழக்கம்போல மழை அளவு வந்தது. பாலமோரில் நல்ல மழை. சுருளகோட்டில் கொஞ்சம். மயிலாடி, கொட்டாரம் பக்கம் ஒன்றுமே இல்லை. அப்படியானால் மழை பெய்யத்தான் செய்திருக்கிறது, என் தலைக்கு மேல் பெய்யவில்லை. சந்தேகம் வந்து வானிலை மையத்தின் அறிக்கையைத் தேடிப் படித்தேன். 'கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு' என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'ஓரிரு இடங்களில்' என்பதும் 'வாய்ப்பு' என்பதும் தலைப்புக்கு வரும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டன. தலைப்பில் இடம் குறைவு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கு உதிர்ந்த அந்த வார்த்தைகளுக்குள்தான் என் பால் இருந்தது.

வானிலை மையம் அந்த வார்த்தைகளை அலங்காரத்துக்காகப் போடுவதில்லை என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. 'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாத இடங்கள். 26 முதல் 50 வரை என்றால் 'ஒரு சில இடங்கள்'. 51 முதல் 75 வரை 'அநேக இடங்கள்', அதற்கு மேலே போனால் 'பெரும்பாலான இடங்கள்'. கனமழைக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. எனக்கு வேண்டியதோ விடியற்காலை நாலு மணியிலிருந்து பத்து மணி வரைக்குமான நேரம் மட்டும்தான். ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு கொட்டினாலும் எனக்குக் கவலையில்லை. மரம் காய்ந்தால் போதும்.

ரப்பர் இல்லாத ஊர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் நன்றாக இருக்கும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டுகிறோம். வெட்டின மரத்தில் பால் நூல் மாதிரி இறங்கித் தேங்காய்ச் சிரட்டையில் சொட்டும். இப்போது பிளாஸ்டிக் கப்தான், ஆனாலும் வாயில் சிரட்டை என்றுதான் வருகிறது. இரண்டு மூன்று மணி நேரம் சொட்டி முடிந்த பிறகு வாளியில் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும். இதற்கு நடுவில் ஒரு மழை விழுந்தால் எல்லாம் முடிந்தது.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் நடந்தது. முந்தின ராத்திரி போனில் பார்த்தேன். விண்டி என்ற வானிலை ஆப்பில் ஐரோப்பிய வானிலை மையத்தின் கம்ப்யூட்டர் கணக்கையும் அமெரிக்கக் கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஐரோப்பியக் கணக்கில் காலையில் மழை இல்லை, மத்தியானத்துக்கு மேல்தான். அமெரிக்கக் கணக்கில் விடிவதற்கு முன்பே மழையைக் காட்டும் ஒரு பச்சைத் திட்டு கடலிலிருந்து ஏறி, நேராக நம் மேற்கு பாகத்தின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டும் வெளியே பெரிய பெயர் உள்ளவை. நான் ஐரோப்பாவை நம்பினேன். அதற்கு முந்தின இரண்டு தடவையும் அதுதான் சரியாகச் சொன்னது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆறே கால் மணிக்கு முதல் துளி விழுந்தது. இலை மேல் சத்தம் கேட்டு மழை கீழே மண்ணுக்கு வந்து சேர ஒரு நிமிடம் ஆகும், ரப்பர் தோட்டத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் நானும் தம்பியும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டுக்காரியும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஐம்பது மரத்துக்குள் மழை வலுத்துவிட்டது. மிச்ச மரங்களில் சிரட்டை நிறைந்து வழிய, பட்டை நெடுகத் தண்ணீரோடு பால் கலந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வேர் வரைக்கும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்த பாலும் பாதி தண்ணீர். அதில் அடித்த ஷீட் கடையில் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம். பால் போனதுகூட ஒரு நாள் கணக்கு. நனைந்த வெட்டுப்பட்டை அழுகினால் அந்த மரமே சில வருடத்துக்குக் கெட்டுப்போகும்.

வெட்டின இடம் நனையாமல் மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். இடவப்பாதிக்கு, அதாவது ஜூன் மாத மழை தொடங்குவதற்கு, முன்னாலேயே கட்ட வேண்டும், செலவு உண்டு. ஷீட் விலை படுத்திருக்கும் வருடத்தில் பாதி மரத்துக்குத்தான் கட்ட முடிகிறது. கட்டின மரத்திலும் அடித்துப் பெய்கிற மழையில் வெட்ட முடியாது.

சரி, இந்த இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கம்ப்யூட்டரில் வானிலையைக் கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு கட்டம் 13 கிலோமீட்டர் அகலம், ஐரோப்பாவுடையது 9 கிலோமீட்டர். நம் நாடு 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு இறங்கியிருக்கிறது, அதுவரை 12. நம் மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 12 கிலோமீட்டர் கட்டம் என்றால் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை மொத்த மாவட்டமும் ஏறக்குறைய பன்னிரண்டு கட்டங்களுக்குள் முடிந்துபோகும். ஒரு கட்டத்துக்கு ஒரு உயரம்தான். 1,600 மீட்டருக்கு மேல் நிற்கும் மகேந்திரகிரியும் அதன் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டால் மலை தேய்ந்து மேடாகிவிடும். நமக்கு மழையைப் பிடித்துக் கொடுப்பதே அந்த மலைதான். மேற்குக் காற்று வந்து அதில் முட்டி ஏறினால்தான் பாலமோரிலும் பேச்சிப்பாறையிலும் பெய்கிறது. அதே காற்று ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் தப்பித்து ஓடுவதால்தான் அங்கே காற்றாலை சுற்றுகிறது, மழை குறைகிறது. முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு ஊர், இரண்டு வானம்.

கட்டம் ஒரு காரணம் என்றால், தொடக்கம் இன்னொரு காரணம். நமக்கு மூன்று பக்கம் கடல். கடலில் மழைமானி கிடையாது, கப்பலும் மிதவையும் செயற்கைக்கோளும் கொடுப்பதை வைத்துத்தான் 'இப்போதைய நிலை' என்று ஒன்றை வகுக்கிறார்கள். அதில் சிறு பிசகு இருந்தாலும் இரண்டு நாளில் அது ஊதிப் பெருத்துவிடும். இது தெரிந்துதான் ஐரோப்பிய மையம் ஒரே கணக்கை, தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டிப் பார்க்கிறது. ஐம்பதில் நாற்பது மழை என்றால் ஒரு மாதிரி, இருபது மழை என்றால் இன்னொரு மாதிரி. இந்த 'எத்தனைக்கு எத்தனை' என்ற விஷயம் நம் ஊருக்கு வந்து சேர்வதே இல்லை. கடைசியில் நம் கைக்கு வருவது 'கனமழை' என்ற ஒற்றைச் சொல்தான்.

என் மகள் நியூயார்க்கில் நர்சாக வேலை செய்கிறாள். அவளுக்கு மழைக்குப் பதில் பனி. நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனி, தலையில் ஒரு துண்டு கட்டினால் போதும். அங்கே பனி என்றால் மண்வெட்டி எடுத்து வாசலைத் தோண்டினால்தான் வெளியே வரலாம். 2015 ஜனவரி 26-ம் தேதி அவள் போன் செய்து, "அப்பா, இன்னைக்கு ராத்திரி ரெண்டடிக்கு மேல பனி விழுமாம், ஆஸ்பத்திரியிலயே படுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். சுரங்க ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 1904-ல் ஓட ஆரம்பித்த அந்த ரயில் பனிக்காக முழுவதுமாக நிறுத்தப்பட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். இங்கே வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. மறுநாள் அவள் எழுந்து பார்த்தால் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். ஒரு அடிகூட இல்லை.

அங்கே நடந்ததும் இதே கதைதான். ஐரோப்பியக் கணக்கு நகரத்தின் மேல் பனியைக் கொட்டியது. அமெரிக்கக் கணக்கு குறைத்துக் காட்டியது. 2012-ல் சாண்டி புயல் கரைப் பக்கம் திரும்பும் என்று ஒரு வாரம் முன்னாலேயே ஐரோப்பியக் கணக்கு சொல்லி, அது பலித்திருந்தது. அமெரிக்கக் கணக்கு அப்போது புயலைக் கடலுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நினைவில் இந்தத் தடவையும் பலர் ஐரோப்பா பக்கம் சாய்ந்தார்கள். புயல் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கிழக்கே விலகிப் போயிற்று. எழுபது எண்பது கிலோமீட்டர் கிழக்கே, லாங் ஐலண்டில், இரண்டடிப் பனி. பாஸ்டனிலும் இரண்டடி. களியக்காவிளைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில் ஒரு இடம் மூழ்குகிறது, ஒரு இடம் தப்பிக்கிறது. பிலடெல்பியா பகுதியைக் கவனிக்கும் வானிலை அலுவலகத்தின் தலைவர் அன்றைக்கே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் மன்னிப்பைவிட, முந்தின நாளே 'எங்கள் கணக்குகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன, நகரம் விளிம்பில் இருக்கிறது' என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று மகளிடம் சொன்னேன்.

அதற்கு அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒரு அங்குல மழைத் தண்ணீர் சாதாரணமாகப் பத்து அங்குலப் பனியாகுமாம். குளிர் கூடினால் பஞ்சு போலப் பதினைந்து, இருபதுகூட ஆகும், குளிர் குறைந்து ஈரமாக விழுந்தால் ஐந்தாறோடு நின்றுவிடும். ஆகவே தண்ணீர்க் கணக்கில் அரை அங்குலம் பிசகினால் பனிக் கணக்கில் ஐந்து அங்குலமாகத் தெரியும். அந்தப் பிசகை மழையில் நாம் கவனிக்கவே மாட்டோம். அவர்களுக்கோ பிசகு வாசலில் குவிந்து கிடக்கும்.

எங்கள் தாத்தா காலத்திலும் கணக்குகள் ஒத்துப்போனதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்' என்பார். 'அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அடையாளம்' என்பார். ஈசல் ஒன்று சொல்லி, தட்டான் வேறொன்று சொல்லும் நாளும் உண்டு. அப்போது அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, "ரெண்டும் மாறி மாறிச் சொல்லுது, பாத்துக்கிடலாம்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒத்துப்போகவில்லை என்பதையே அவர் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஏனென்றால் ஒரே மழைக்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. பத்தில் நாலு பங்கு மழை வாய்ப்பு என்றால் பிளாஸ்டிக் கட்டின மரங்களை நான் வெட்டிவிடுவேன், கட்டாததை விட்டுவிடுவேன். வெட்டாத மரம் நாளைக்கும் பால் தரும். தாழக்குடியில் கும்பப்பூ பருவத்து நெல்லை அறுத்துக் களத்தில் விரித்திருப்பவர் பத்தில் இரண்டு என்றாலே படுதா தேடுவார். கடலுக்குப் போகிறவருக்கு பத்தில் ஒன்றுகூட அதிகம். 'கனமழை' என்றோ 'மழை இல்லை' என்றோ ஒரே சொல்லாகக் கொடுத்தால், எங்கள் எல்லாருக்கும் சேர்த்து வேறு யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

ஒக்கி புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 2017 நவம்பர் 29 ராத்திரி காற்று ஆரம்பித்தது. இலங்கைப் பக்கம் இருந்த தாழ்வு மண்டலம் ஒரு நாளைக்குள் புயலாகி, 30-ம் தேதி நம் கடலோரத்தை ஒட்டிப் போனது. கடலில் இருந்தவர்களுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் என் நஷ்டம் நஷ்டமே இல்லை. என் தோட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட மரங்கள் நடுவில் ஒடிந்தன. மறுவருடம் நட்ட கன்றுகளில் இப்போதுதான் கத்தி படுகிறது, ரப்பர் பால் தர ஏழு வருடம் ஆகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோதும், எச்சரிக்கை எப்போது வந்தது, எந்த நிறத்தில் வந்தது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் வெறும் மழை அளவைக் குறிப்பதில்லை, பாதிப்பையும் அது நடக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் போடும் நிறம் என்பதை அந்த நாட்களில்கூட யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்கவில்லை.

தங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மழை அளவுப் பட்டியலைத் தினமும் போடுகிறீர்கள். பாலமோர், பெருஞ்சாணி, சிற்றாறு, கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை, குருந்தன்கோடு, எல்லா ஊரும் அதில் வருகிறது. வேறு எந்தப் பகுதியையும்விட நான் முதலில் படிப்பது அதைத்தான். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, நேற்று அந்த நாளுக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வானிலை மையத்தின் வாசகத்தை அப்படியே போட்டால் போதும், 'ஓரிரு இடங்களில்' உட்பட. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி வந்தால், எந்தக் காற்றுக்கு எந்தக் கணக்கு பலிக்கிறது, 'ஓரிரு இடங்கள்' என்றால் பெரும்பாலும் எந்த ஊர்கள் என்று நாங்களே பழகிக்கொள்வோம். நான் ஒரு பழைய டைரியில் அப்படித்தான் எழுதி வருகிறேன். இடது பக்கம் ராத்திரி போனில் கண்டது, வலது பக்கம் காலையில் முற்றத்து டப்பாவில் நின்ற தண்ணீர். நேரான சுவர் உள்ள டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் நின்றால், ஒரு ஏக்கரில் நாலாயிரம் லிட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம்.

அப்புறம், கணக்குகள் இரண்டு விதமாகச் சொல்லும் நாளில் அதையும் எழுதுங்கள். தங்கள் நிருபர் வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது 'மழை வருமா' என்பதோடு 'எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்' என்றும் ஒரு கேள்வி கேட்டால் போதும். 'நிச்சயமில்லை' என்று பதில் வந்தால் அதைத் தலைப்பாகப் போடத் தயங்க வேண்டாம். பேப்பர் வாங்குவதை நாங்கள் நிறுத்திவிட மாட்டோம்.

இதை எழுதி முடிக்கும்போது ராத்திரி ஒன்பதே கால். மேற்கே மின்னல் இருக்கிறது, சத்தம் இல்லை. ஐரோப்பியக் கணக்கு காலை வரை மழை இல்லை என்கிறது. அமெரிக்கக் கணக்கு ஐந்து மணிக்கு ஒரு மழை போட்டிருக்கிறது. தம்பி இப்போதுதான் போன் செய்தான். "மூணரைக்கு வந்துரு மக்கா, திருவனந்தபுரம் தும்பா மழை ரேடாரைப் பாத்துட்டுச் சொல்லுதேன், பிளாஸ்டிக் கட்டின பக்கத்துல இருந்து ஆரம்பி" என்று சொல்லியிருக்கிறேன். கத்தியைத் தீட்டித்தான் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு சிறு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.